ஏரிக்குப் போகிற வழியில் வந்த ஆத்தா

வெள்ளிக்கிழமை காலையில் செல்லூர் சந்துக்குள் யாராவது முகவரி தெரியாமல் நின்றால், சீதாலட்சுமி வீட்டுக்குத்தான் வந்திருப்பார்கள் என்று டீக்கடைக்காரரே கையைக் காட்டிவிடுவார். வாசலில் செருப்புக் குவியல் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். அப்புறம் அவர்களும் செருப்பைக் கழற்றி அதே குவியலில் போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார ஆரம்பித்தார்கள்.

நடுவீட்டில் ஒரு பலகை. அதன் மேல் மஞ்சள் சேலையில் சீதாலட்சுமி. வருகிறவர்கள் காலைத் தொட்டுக் கும்பிடுவார்கள், மகனுக்கு வேலை, மருமகளுக்கு நோய், வீட்டில் சண்டை என்று ஆளுக்கொன்றைச் சொல்வார்கள். அவள் பெரும்பாலும் எதுவும் பேச மாட்டாள். பேசாமல் இருப்பவளிடம் வாக்குக் கேட்பதில் ஒரு வசதி உண்டு, அவரவருக்கு வேண்டியது அவரவர் காதில் விழுந்துவிடும். "ஆத்தா கண்ணை மூடித் தொறந்தா, போதும்" என்று எழுந்து போவார்கள். ஆத்தாவுக்குக் கண்ணில் தூசி விழுந்திருக்கும்.

அவளுக்கு எதுவும் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. மலையிலிருந்து இறங்கி ஒரு வருஷம் ஆகப்போகிறது, இறங்கிய நாளிலிருந்தே அப்படித்தான். யாரோ அழுதால் பாவமாக இல்லை. யாரோ சிரித்தால் கூடச் சிரிக்க வரவில்லை. வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்த கால் மரத்துப்போகிற மாதிரி உள்ளே ஏதோ ஒன்று மரத்துப்போய், பிறகு ரத்தம் ஓடவே இல்லை. காலைத் தொட்டுக் கும்பிடுகிறவர்களைப் பார்க்கையில், அது வேறு யாருடைய காலோ என்று நினைத்துக்கொள்வாள்.

இப்படி ஆவதற்கான லட்சணம் எதுவும் அவளிடம் முன்னால் இருந்ததில்லை. பிறந்தது அடுத்த தெருவில். அப்பா சாயப்பட்டறையில் இருந்தார். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், வெளியே தமிழ். பத்தாவது முடித்ததும் ராஜகுருவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் ஜவுளிக்கடையில் கணக்குப் பார்ப்பவர், அதிர்ந்து பேசாதவர், பக்தி அதிகம். ஒரே மகள் வித்யாஸ்ரீ. மேடான இடம் என்று சீதாலட்சுமி போனது ஒரே ஒருமுறை கொடைக்கானலுக்கு. அதையும் பாதி வழி பாலிதீன் பையைப் பிடித்துக்கொண்டே கடந்தாள். சாமி வருவது, ஆடுவது எல்லாம் அவளுக்குப் பழக்கமே இல்லை. கோயில் கொடையில் மற்ற பெண்கள் ஆடும்போது, அவர்களுடைய கைப்பையையும் கழன்று விழுகிற கம்மலையும் பத்திரமாக வைத்துக்கொண்டு ஓரமாக நிற்பவள் அவள்.

ராஜகுருவுக்கு ஒரு ஆசை இருந்தது. கைலாயம் பார்க்க வேண்டும், மானசரோவர் ஏரியில் பௌர்ணமி அன்று முங்க வேண்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஆள் சேர்த்தார். மதுரையிலிருந்தும் சுற்றுப்பட்டிலிருந்தும் சேர்ந்தவர்களில் முக்கியமானவர் சமயநல்லூர் பேயாண்டி. பஸ் கண்டக்டராக இருந்தவர். பரம்பரையாகக் கோயிலில் சாமியாடிக்குப் பக்கத்தில் நின்று, வாக்கைக் கேட்டு, கூட்டத்துக்கு எடுத்துச் சொல்கிற குடும்பம். நல்ல மனிதர். சாமி வருவதை அவரைப் போல அடையாளம் காண ஜில்லாவிலேயே ஆள் கிடையாது என்பார்கள். அந்தத் திறமைதான் வினையாக முடிந்தது.

நேபாளம் வரை ரயிலும் பஸ்ஸும். அங்கிருந்து ஜீப். எல்லை தாண்டி மேலே ஒரு சின்ன ஊரில் கொண்டுபோய் விட்டு, இங்கே இரண்டு ராத்திரி தங்க வேண்டும் என்றான் வழிகாட்டி. எதற்கு என்று கேட்டதற்கு, சும்மா இருப்பதற்கு என்றான். உடம்பு பழக வேண்டுமாம்.

"சும்மா உக்காரவா இம்புட்டுத் தூரம் வந்தோம்?" என்றார் பேயாண்டி. "பௌர்ணமி நமக்காகக் காத்துக்கிட்டு இருக்குமாண்ணே?"

ராஜகுருவும் அதையே நினைத்தார். ஆளாளுக்குப் பேசி, வழிகாட்டியை மடக்கி, ஒரே ராத்திரியோடு கிளம்புவது என்று முடிவானது. வேண்டாம் என்று சீதாலட்சுமியும் சொல்லவில்லை. அவளுக்கு அப்போதே மண்டை இடித்தது. தைலம் தடவிக்கொண்டாள். வழிகாட்டி ஒரு மாத்திரை கொடுத்து, இதைப் போட்டுக்கொள்ளுங்கள், அடிக்கடி ஒன்றுக்கு வரும், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்றான். பொட்டல்வெளியில் ஒரு மறைப்புக்கூட இல்லாத வழி அது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாத்திரைகள் எல்லாம் துணிப்பைக்குள் போயின. தண்ணீரையும் நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் மத்தியானம் உயரமான ஒரு கணவாயில் ஜீப்புகள் நின்றன. வழிகாட்டி இருந்த ஜீப் முன்னாலேயே போய்விட்டிருந்தது. கயிற்றில் கட்டிய கொடிகள் படபடத்தன. சீதாலட்சுமி இறங்கினாள். வைத்த இடத்தில் கால் நிற்கவில்லை. நாலடி நடந்து பக்கவாட்டில் சாய்ந்தாள், எழுந்தாள், மறுபடி சாய்ந்தாள். கண் ஒரு இடத்தில் நிலைக்கவில்லை. "என்ன ஆச்சு?" என்று ராஜகுரு கேட்டதற்கு, இவர் யார் என்பது போலப் பார்த்தாள். நாக்கு குழற ஏதோ சொன்னாள்.

பேயாண்டி ஓடிவந்தார். பார்த்த மாத்திரத்தில் அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"வந்துட்டா! ஆத்தா வந்துட்டா! யாரும் தொடாதீங்க!"

கம்பளத்தை விரித்து அவளை உட்கார வைத்தார்கள். குங்குமம் வந்தது, திருநீறு வந்தது. காற்றில் கற்பூரம் எளிதில் பற்றவில்லை, சேலையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு பற்ற வைத்தார்கள். ஒன்பது பேர் கையெடுத்துக் கும்பிட்டபடி மண்டியிட்டார்கள். பேயாண்டி முறைப்படி ஒவ்வொருவருடைய குறையையும் கேட்டுக்கொண்டு போனார். எதைக் கேட்டாலும் அவள் ஒரே வாக்கைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அது சௌராஷ்டிரம். கூட்டத்தில் அந்தப் பாஷை தெரிந்தவர் ராஜகுரு ஒருவர்தான்.

"ஆத்தா, ஏறுன உடம்போட பாஷையில பேசுறா. என்ன சொல்றாண்ணே?" என்று பேயாண்டி கேட்டார்.

"எல்லாருக்கும் நல்லது நடக்கும்ங்கிறா" என்றார் ராஜகுரு.

பின்னால் வந்த ஜீப்பின் நேபாளி டிரைவர் சக்கரத்துக்குக் காற்றடித்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தான். பார்த்ததும் கத்தினான். தடுத்தவர்களைத் தள்ளிவிட்டு அவளை மூட்டையைப் போலத் தூக்கி ஜீப்பில் போட்டு, வண்டியை வந்த வழியே திருப்பினான். ராஜகுரு ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டார். மற்றவர்கள் ஏரிக்குப் போனார்கள், பௌர்ணமிக்கு முங்கினார்கள்.

இது எதுவும் சீதாலட்சுமிக்கு ஞாபகம் இல்லை, எல்லாம் பிறர் சொல்லித் தெரிந்ததுதான். அவளுக்குத் தெரிந்தது தலைவலி. அதற்கப்புறம் தாழ்ந்த கூரையுள்ள ஓர் அறை, மூக்கில் ஒரு குழாய், பக்கத்தில் முகம் வீங்கிப்போய் உட்கார்ந்திருந்த ராஜகுரு.

"நான் என்ன சொன்னேன்?" என்று ஒருமுறை கேட்டாள்.

"நல்ல வாக்குத்தான் சொன்னே" என்றார்.

ஊர் திரும்பிய மாதத்தில் பேயாண்டிக்கு வெகுநாள் இழுத்துக்கொண்டிருந்த நிலத்தகராறு சாதகமாக முடிந்தது. அது போதுமானதாக இருந்தது. அதுவரை "அக்கா" என்று கூப்பிட்டவர் "ஆத்தா" என்று காலில் விழுந்தார். பலகை வந்தது, மஞ்சள் சேலை வந்தது, வெள்ளிக்கிழமை வந்தது. ராஜகுரு ஒரு மூலையில் நின்று கூட்டத்தை ஒழுங்கு செய்வார். ஏரியில் முங்காமல் திரும்பியதைப் பற்றி அவர் ஒருநாளும் குறைபட்டுக்கொண்டதில்லை.

மகள் வித்யாஸ்ரீ பழங்காநத்தத்தில் இருந்தாள். கணவன் வெங்கடேஷ்பாபு மருந்துக் கம்பெனி ஆள். கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் குழந்தை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை. இந்தக் கோடையில் பேயாண்டி மறுபடி ஆள் சேர்த்தபோது, முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவள் வித்யாதான்.

"உங்களுக்கு வந்தது எனக்கும் வரும்மா" என்றாள். "வந்துட்டா நானே கேட்டுக்குவேன்."

அவள் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்தபோதுகூட சீதாலட்சுமிக்கு ஒன்றும் தோன்றவில்லை. போய்வா என்றாள்.

பயணத்துக்கு டாக்டர் சர்டிஃபிகேட் வேண்டும் என்றார்கள். பழங்காநத்தத்திலேயே பெனடிக்ட் என்ற டாக்டர். முன்பு ராணுவத்தில் லடாக் பக்கம் இருந்துவிட்டு வந்தவர். மகள், மருமகனோடு சீதாலட்சுமியும் போனாள். ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே, வீட்டில் வேறு யாராவது அவ்வளவு உயரம் போயிருக்கிறார்களா என்று கேட்டார்.

"அம்மா போனாங்க டாக்டர். அங்க அவங்களுக்கு அருள் வந்துச்சு" என்றாள் வித்யா.

டாக்டர் சிரிக்கவில்லை. கருவியைக் கீழே வைத்துவிட்டு சீதாலட்சுமியைப் பார்த்தார்.

"அருள் வர்றதுக்கு முன்னாடி தலைவலி இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சு."

"வாந்தி? சாப்பாடு பிடிக்காம?"

"ஆமா."

"நடக்கும்போது குடிச்சவங்க மாதிரி தள்ளாட்டம்?"

"அப்பிடித்தான் சொல்றாங்க. எனக்கு ஞாபகம் இல்ல."

"கீழ இறக்கினதும் சரியாயிடுச்சா?"

அவள் தலையாட்டினாள். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சாவகாசமாகப் பேசுகிற மனிதர் அவர், வெளியே காத்திருந்தவர்கள்தான் பாவம்.

"இங்க ஒரு மூச்சு இழுத்தா கிடைக்கிற பிராணவாயு, அந்த ஏரிக்கரையில பாதிக்குக் கொஞ்சம் மேலதான் கிடைக்கும். ஆனா உடம்பு சும்மா இருக்காதும்மா. முதல்ல மூச்சை வேகமா வாங்கும். நெஞ்சு வேகமா அடிக்கும். மூச்சு வேகமானதால ரத்தத்துல ஏற்படுற மாற்றத்தை, சிறுநீரகம் மெல்ல மெல்லச் சரிக்கட்டும், அதனாலதான் அடிக்கடி ஒன்னுக்கு வரும். அது வந்தா நல்லது, உடம்பு பழகுதுன்னு அர்த்தம். தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வரும், பயந்து முழிப்பீங்க. அப்புறம் எலும்புக்குள்ள புதுசா சிவப்பணு தயாராகும், அது வாரக்கணக்குல நடக்கிற வேலை. இதுக்கெல்லாம் நேரம் வேணும். நேரம் குடுக்காம ஏறினா, சில பேருக்கு மூளை வீங்கும். வீங்குனா தள்ளாடும், குழறும், பக்கத்துல இருக்கிற ஆள் தெரியாது. அப்ப ஒரே வைத்தியம்தான், இறக்கணும். உடனே இறக்கணும். இன்னும் கொஞ்ச நேரம் அங்கயே இருந்திருந்தா உங்களை நான் பார்த்திருக்க மாட்டேன்."

"யாருக்கு வரும்னு முன்னாடியே தெரியுமா டாக்டர்?" என்று வெங்கடேஷ்பாபு கேட்டான்.

"தெரியாது தம்பி. பட்டாளத்துல என்னைவிடத் திடமான பையனுக்கு வரும், எனக்கு வராது."

சீதாலட்சுமி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இந்த உடம்பு அம்புட்டு வேலை பார்த்திருக்கிறது. அவளோ தண்ணீரைக்கூட நிறுத்திவிட்டாள். உடம்புக்கு அநியாயம் செய்துவிட்டதாக அவளுக்குப் பட்டது. ஆனால் டாக்டர் சொன்னது சரியா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவளுக்குத்தான் எதுவும் ஞாபகம் இல்லையே.

வீட்டுக்கு வந்து சொன்னபோது ராஜகுரு நிமிரவில்லை.

"அவர் வேதக்காரர், சர்ச்சுக்குப் போறவர். நம்ம சாமியைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?" என்றார். வித்யாவும் அதையே பிடித்துக்கொண்டாள். பெட்டியில் கம்பளி ஸ்வெட்டரை அடுக்க ஆரம்பித்தாள்.

பயணத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. வீடு கொள்ளாத கூட்டம். போகிறவர்கள் எல்லாரும் ஆத்தாவிடம் உத்தரவு வாங்க வந்திருந்தார்கள். வித்யா அடுக்களையில் காபி கலந்துகொண்டிருந்தாள். பேயாண்டி குளித்து, பட்டை போட்டு, தட்டில் கற்பூரத்தோடு பலகைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"ஆத்தா, ஒரு உத்தரவு வேணும். மேல நீங்க குடுத்த வாக்கை நான் மனசுக்குள்ளயே வச்சுத் தினமும் நூத்தியெட்டுத் தடவை சொல்லிக்கிட்டு வாரேன். வெளிய யாருகிட்டயும் மூச்சு விட்டதில்ல. இப்ப உங்க மகள் மேல போறா. அந்த வாக்கை அவளுக்குச் சொல்லிக் குடுக்கவா? அங்க போயி சொன்னா நீங்களே அவ மேல இறங்கிடுவீங்க."

"என்ன வாக்கு? சொல்லுங்க" என்றாள் சீதாலட்சுமி. அந்தப் பலகையில் உட்கார்ந்து அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

பேயாண்டி கண்ணை மூடிக்கொண்டார். சாமியாடிகளின் குளறலைத் தலைமுறையாகப் பிடித்துப் பழகிய காது அவருடையது. ஓர் எழுத்து பிசகாமல் சொன்னார். அவருக்கு அந்தப் பாஷை தெரியாது. அவர் வாயிலிருந்து சீதாலட்சுமியின் வீட்டுப் பாஷை, அவளுடைய இழுப்போடு, அவளுடைய அழுகையோடு அப்படியே வந்தது.

*மூச்சு முட்டுதுங்க. என்னைக் கீழ கூட்டிட்டுப் போங்க. செத்துருவேன், கூட்டிட்டுப் போங்க.*

அவர் அதை மூன்று தடவை சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். கூட்டமும் கும்பிட்டது.

சீதாலட்சுமி மூலையில் நின்ற ராஜகுருவைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்னதை நம்பலாம், நம்பாமல் இருக்கலாம். இது அவளே சொன்னது. கட்டிய கணவனிடம், அவருக்குப் புரிகிற பாஷையில் சொன்னது. வயிற்றில் சூடாக ஒன்று கிளம்பி மேலே வந்தது. அது கோபம் என்று அவளுக்குத் தெரியக் கொஞ்ச நேரம் ஆனது. அவ்வளவு நாள் ஆகியிருந்தது அதைப் பார்த்து.

எழுந்தாள். உட்கார்ந்தே இருந்ததில் கால் தடுமாறியது. கணவனைப் பார்த்தே, வீட்டுப் பாஷையில், முழுக்குரலில் சொன்னாள். மூச்சு முட்டுதுங்க, என்னைக் கீழ கூட்டிட்டுப் போங்க, செத்துருவேன். சொல்லச் சொல்லக் குரல் உடைந்து கத்தலாகிவிட்டது.

"ஆத்தா வந்துட்டா!" என்று பேயாண்டி எழுந்தார். வீடே எழுந்தது. கற்பூரம் பற்றியது. பெண்கள் குலவை போட்டார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் அவள் காலடியில் விழுந்தார்கள். அவள் கத்தினாள், அவர்கள் கும்பிட்டார்கள். அவள் இன்னும் பலமாகக் கத்தினாள், அவர்கள் இன்னும் பக்தியாகக் கும்பிட்டார்கள்.

அடுக்களையிலிருந்து வித்யா ஓடிவந்தாள். கையில் இருந்த காபி டம்ளரை எங்கே போட்டாள் என்று தெரியவில்லை. ஆட்களைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து அம்மாவைத் தாங்கினாள்.

"அம்மாவுக்கு என்ன ஆச்சு? மூச்சு முட்டுது, செத்துருவேன்னு கத்துறாங்க, நீங்க எல்லாரும் கும்பிட்டுக்கிட்டு நிக்கிறீங்க? அப்பா, உங்க காதுல விழலையா? ஆட்டோ கூப்பிடுங்கப்பா!"

குலவை நின்றுபோனது. பேயாண்டி தட்டைக் கீழே வைத்தார்.

"என்னம்மா சொல்ற?" என்றார். "அது வாக்கும்மா. மலையில ஆத்தா சொன்ன வாக்கு. எல்லாருக்கும் நல்லது நடக்கும்னு அர்த்தம். அண்ணேதான் சொன்னாரு."

வித்யா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அம்மாவை. அம்மா நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு நிற்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"இதத்தான் மலையில சொன்னாங்களா?" என்றாள். "அப்பா. உங்களுக்கு அப்பவே புரிஞ்சுச்சா?"

ராஜகுரு சுவரைவிட்டுத் திரும்பினார். தமிழிலேயே, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"புரிஞ்சுச்சு. ஒன்பது பேரு கும்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. நானும் கும்பிட்டுட்டேன். கும்பிட்ட பெறகு, கீழ கூட்டிட்டுப் போங்கன்னுதான் கெஞ்சுறான்னு எப்பிடிச் சொல்றது? மறுநாள் பௌர்ணமி வேற."

பேயாண்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நூற்றியெட்டு, நூற்றியெட்டாக ஒரு வருஷம். தலையில் கையை வைத்துக்கொண்டு, "கெஞ்சுனதையா... கெஞ்சுனதையா நான்..." என்றார்.

சீதாலட்சுமிக்கு அழுகை பீறிட்டு வந்தது. சாகக் கிடந்த அந்தப் பெண்ணுக்காக அவளுக்கு அழ வேண்டியிருந்தது. கம்பளத்தில் குங்குமத்தோடு உட்கார்ந்து, ஒரே ஒரு ஆளுக்குப் புரியும் என்று நம்பி, திரும்பத் திரும்பச் சொன்ன அந்தப் பெண்ணுக்காக யாரும் இதுவரை அழவில்லை. வித்யா அவளைக் கட்டிக்கொண்டாள்.

"நான் போகலம்மா" என்றாள் மகள், வீட்டுப் பாஷையில்.

ராஜகுரு ஒரு எட்டு முன்னால் வந்தார். மனைவி கையை நீட்டித் தடுத்தாள். தள்ளவில்லை, தொடக்கூட இல்லை. உள்ளங்கையைக் காட்டினாள், அவ்வளவுதான். அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.